நவம்பரில் கழற்றிய மோதிரம்

ஹிஸ்கேயின் மோதிரம் கல்யாண மோதிரமல்ல. விரலில் படும் கதிர்வீச்சை அளக்க க்ரோனிங்கன் நகர ஆய்வுக்கூடம் மாட்டிவிட்டது. மாதாமாதம் அளவெடுப்பார்கள், வருட வரம்பு தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

அவள் செய்யும் மருந்து நோயாளியின் மூளையைப் படம்பிடிக்க உதவும் கதிரியக்கக் கார்பன். சந்தை மீன்கூட மாலைவரை தாங்கும். இதற்கு இருபது நிமிடத்தில் பாதி உயிர் போய்விடும். நவம்பரில் இயந்திரத்தின் வால்வு மக்கர் செய்தது. கையால் திருப்ப வேண்டும், அந்தப் பக்குவம் ஹிஸ்கேவுக்கு மட்டும்தான் தெரியும். மோதிரமோ வரம்பை முட்டிக்கொண்டு நின்றது.

"கழட்டி டிராயர்ல போடு" என்றான் வீப்ரன், பன்னிரண்டு வருடக் கூட்டாளி. "நாலு நோயாளிதான் பாக்கி. ஆய்வு பாதியில நின்னா யாருக்கு லாபம்? நான் பாத்துக்கறேன், போ."

போட்டாள். மூன்று பேருக்கு மருந்து செய்தாள்.

டிசம்பரில் துறைத் தலைவர் பதவிக்கு இரண்டே பெயர்கள்: அவளும் அவனும். அந்த வாரமே பாதுகாப்பு அதிகாரி ஆல்ட்யே கூப்பிட்டாள்.

"மூணு தடவை மருந்து செஞ்சிருக்க. மோதிரத்துல அளவே ஏறல, பச்சைக்குழந்தை விரல்ல இருந்த மாதிரி இருக்கே?"

"யார் சொன்னது?"

ஆல்ட்யே கடிதத்தைத் திருப்பிக் காட்டினாள். 'மிகுந்த வருத்தத்துடன்' என்று ஆரம்பித்து வீப்ரனின் கையெழுத்தில் முடிந்தது.

"கழட்டச் சொன்னதே அவன்தான்!"

"எழுத்துல இருக்கா?"

இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அவனிடம் எதையும் எழுதி வாங்கத் தோன்றியதில்லை.

"இன்னியிலேர்ந்து உள்ள போகாத. பதவிப் பட்டியல்லயும் உன் பேர் இல்ல."

கேன்டீனில் வீப்ரன் பட்டாணி சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா?"

"நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல, ஹிஸ்கே."

"அடேங்கப்பா, எந்தக் கடையில வாங்கின? போன மாசம் உங்கிட்ட சரக்கே இல்லையே!"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு மணிக்குக் கடைசி நோயாளி. அந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவ?"

போடா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நோயாளியான அந்தக் கிழவர் டெல்ஃப்சைல் ஊரிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வந்திருந்தார்.

"இடப்பக்கம். அரைச் சுத்து. சீறினதும் விட்டுடு."

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். சீறியது, விட்டான். படம் தெளிவாக வந்தது. மருந்தின் பதிவுச் சீட்டில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் வீப்ரன் தன் பெயரை எழுதினான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.