வழக்குக்கு ஒரு இன்சூரன்ஸ்

வக்கீலின் அலுவலகம் வண்ணமீன் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படிக்குக் கடையின் உள்ளேதான் வழி. இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள், நீல வெளிச்சம், காற்று பம்பின் முணுமுணுப்பு. வெளியே நல்ல பகல். நான் இரவு வேலையை விட்டு வெகுநாளாகியும் என் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பகலில் கண் சொருகும். அன்று நாங்கள் மூன்று பேரும் படியேறினோமா, நீந்திப் போனோமா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன்.

முன்னால் அக்கா, பின்னால் அத்தான், கடைசியில் நான்.

விஷயம் இதுதான். அக்கா ஒரு சலவைக் கடை வைத்திருக்கிறாள். முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே. நீராவிக் கொதிகலன் வாங்கக் கடன் எடுத்தபோது, கடன் கம்பெனியின் ஏஜென்ட் ஒரு இன்சூரன்ஸையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார். முதலாளி வேலையைவிட்டு நிறுத்தினால் கடன் தவணையை அவர்களே கட்டுவார்களாம். சொந்தக் கடைக்காரிக்கு அதனால் காலணாப் பிரயோஜனம் இல்லை. அதை எடுக்காமல் கடன் கிடைக்காது என்று அவர் சொன்னதும் பொய். வருடக்கணக்காகப் பிரீமியம் கட்டினாள். இப்போது கொதிகலன் விரிசல் விட்டுவிட்டது. கட்டிய பிரீமியம் முழுதாகத் திரும்பினால் புதுசு வாங்கலாம். இல்லையென்றால் கடையை மூடிவிட்டு ஓட்டல் சலவைக்கூடத்துக்குக் கூலிக்குப் போகவேண்டும்.

வக்கீலம்மாவின் கூரையில் மீன்தொட்டி வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. தரையில் எங்கோ ஓட்டை இருக்கவேண்டும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெயிச்சா வர்றதுல மூணுல ஒரு பங்கு எனக்கு. தோத்தா எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் வக்கீலம்மா.

"அப்ப தோத்தாலும் நஷ்டமில்ல" என்றார் அத்தான்.

"இருக்கு. கோர்ட்டுக்குப் போய்த் தோத்தா எதிர்த்தரப்போட செலவு உங்க மேல விழும். அதுக்காக ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக்கணும். அந்தப் பிரீமியம் ஜெயிக்கிற பணத்துலேருந்து கழியும்."

அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்சூரன்ஸ்ல ஏமாந்ததுக்கு இன்னொரு இன்சூரன்ஸா? மாப்ள, இதுவும் சரியில்லேன்னா மூணாவது ஒண்ணு எடுக்கணும். குடும்பமே இன்சூரன்ஸ் போட்டே செத்துரும்."

"கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க" என்றாள் அக்கா.

வக்கீலம்மா ஒரு தாளில் கழித்துக் காட்டினார். தன் பங்கு, பிரீமியம், மிச்சம். அந்த மிச்சத்தில் கொதிகலனின் வயிறு வரும், காலும் தலையும் வராது.

"இந்தப் புது இன்சூரன்ஸ் எப்பப் பணம் தராது?" என்று கேட்டேன். முதல் பாலிசிக்கு யாரும் கேட்காத கேள்வி அது.

வக்கீலம்மா அந்தப் பாலிசியின் பக்கத்தைப் புரட்டினார். "கட்சிக்காரர் பொய் சொன்னார்னு தெரிஞ்சா தராது. பொய் ஏதும் சொல்லியிருக்கீங்களாம்மா?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"சொல்லேன்" என்றார் அத்தான். பிறகு அவரே சொன்னார். "போன வருஷம் இவ கை முறிஞ்சு கடை மூடிக் கிடந்துச்சு மேடம். தவணையக் கட்டச் சொல்லி இன்சூரன்ஸுக்கு போன் பண்ணினா. யாரு உங்கள நிறுத்தினதுன்னு கேட்டாங்க. முதலாளின்னுட்டா. அவர்கிட்ட போனைக் குடுங்கன்னாங்க. இவ போனைக் கீழ வச்சா, தொண்டையச் செருமினா, திரும்ப எடுத்தா. 'ஆமா, நான்தான் முதலாளி. அந்தப் பொம்பளைக்கு வேலை சரியில்ல, நிறுத்திட்டேன்'னு கட்டைக்குரல்ல ஒரு போடு போட்டா. பேரு கேட்டாங்க. அங்கதான் மாட்டிக்கிட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது.

"இதுல பொய் எங்க இருக்கு?" என்றாள் அக்கா. "முதலாளி நான்தான். நிறுத்தினதும் நான்தான். வேலை சரியில்லாததும் நான்தான்."

"நீதிபதியும் சிரிப்பாரும்மா. சிரிச்சு முடிச்சுட்டு என்ன எழுதுவார்னு எனக்குத் தெரியாது. அந்த போன் பேச்சு பதிவாகியிருக்கும். அதைக் காட்டி இந்த இன்சூரன்ஸும் கையை விரிச்சா, மொத்தச் செலவும் உங்க தலைலதான். நான் முதல்லயே சொன்ன வழியே மேல். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே புகார் கொடுங்க. அவங்க மறுத்தா குறைதீர்ப்பு அலுவலகம். கட்டணம் கிடையாது. தோத்தாலும் யாருக்கும் எதுவும் தரவேண்டாம். வந்தா முழுசும் உங்களுக்கு."

"முதல்லயேன்னா எப்போ?" என்றேன்.

"போன வாரம், போன்ல."

அத்தானும் நானும் அக்காவைப் பார்த்தோம். அவள் கூரையில் அலைந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.

இறங்கும்போது கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் தங்க மீன்கள், மறுபக்கம் கறுப்பு மீன்கள். அவள் முகம் நீலமாக இருந்தது.

"புகார்னா அங்க நானே வாயத் திறந்து சொல்லணும்டா. படிக்காம கையெழுத்துப் போட்டேன், குரலை மாத்திப் பேசினேன்னு. முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட. வக்கீலம்மா சொன்னா, என் கட்சிக்காரர்னு சொல்வாங்க. அது நான் இல்ல, யாரோ ஒருத்தி."

"அந்த யாரோ ஒருத்திக்கு மூணுல ஒரு பங்கு கூலி. மேல பிரீமியம் வேற. கடையும் போயிரும்" என்றேன்.

"உன் நாக்குல நரம்பே இல்லடா."

"விடு மாப்ள" என்றார் அத்தான். அவர் இப்போது சிரிக்கவில்லை.

அவள் கைப்பையிலிருந்து பாலிசித் தாளை எடுத்து மடியில் விரித்தாள். பிறகு போனை எடுத்துக் கம்பெனியின் புகார் எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். காத்திருக்கச் சொல்லும் இசை வந்தது. யாரோ தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல் இருந்தது. நான் சுவரில் சாய்ந்தேன். தூங்கினேனோ என்னவோ, மறுமுனையில் ஆள் வந்தபோது தொட்டிகளின் நிறம்கூட மாறியிருந்த மாதிரி பட்டது.

"வணக்கம். நீங்க பாலிசிதாரரா, இல்ல அவங்க சார்பா பேசுறீங்களா?"

அக்கா தொண்டையைச் செருமினாள். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நான்தான்" என்றாள். சாதாரணக் குரல். "என் பாலிசி. நான்தான் கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பாக்கல."

"மேடம், பின்னால ஏதோ சத்தம். கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?"

மீன்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பம்பை நிறுத்தினார். குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அவ்வளவு பெரிய அமைதியில், கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, அக்கா முதலிலிருந்து சொன்னாள். ஏஜென்ட் சொன்ன பொய், முறிந்த கை, கட்டைக்குரல். கட்டைக்குரலை அவள் சொல்லாமல் விடவில்லை. அந்த இடத்தில் மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

"அப்புறம்?" என்றது போன்.

மீன்கள் மூச்சு வாங்கத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. கடைக்காரர் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, அக்கா சொல்லி முடிக்கட்டும் என்று நின்றார்.