ஸ்டெப்னிக்கும் ஒரு பாட்டில்

ஏரிக்கரை ஊரான கோபகபானாவில், மாதா கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மனுஷனுக்கு நிற்க இடம் கிடையாது. பூமாலையும் வண்ணக் காகிதமும் சுற்றிக்கொண்டு எல்லாம் ஆசீர்வாதம் வாங்க வந்த புது வண்டிகள்தான். வரிசையில் எவாரிஸ்தோவின் மினி பஸ்ஸும் நின்றது. அவன் மனைவி பசிலியா எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்து சேர்த்த பணமெல்லாம் அந்த வண்டியாகத்தான் நின்றது. மகள் நைடா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிரியார் எஞ்சினில் தீர்த்தம் தெளித்தார், ஸ்டியரிங்கில் தெளித்தார், எவாரிஸ்தோவின் தலையிலும் தாராளமாகவே தெளித்தார். "பாத்து ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். அதோடு விட்டிருந்தால் வம்பே இல்லை.

வண்டிக்கு ஞானத்தகப்பனாக வந்திருந்த தியோதோசியோ பீர் பெட்டியை இறக்கினான். பூமித்தாய்க்குப் படையலாகச் சக்கரத்துக்குப் பீர் ஊற்றாமல் எந்த வண்டியும் அங்கிருந்து கிளம்பாது.

"சக்கரத்துக்குப் பாதி, உனக்குப் பாதி. ம், குடி மாப்ள!"

"வேணாம் மச்சான், நான் ஓட்டணும்."

"வண்டியே குடிக்குது, நீ குடிக்க மாட்டியா? பூமித்தாய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா!"

ஞானத்தகப்பன் நீட்டியதைத் தட்டினால் ஊரே காறித் துப்பும். நாலு சக்கரமும் குடித்தன, எவாரிஸ்தோவும் குடித்தான்.

பசிலியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, போதுங்க. போற வழி பூரா ஏரிக்கு மேல மலைப்பாதை."

"சாமி காரியத்துல குறுக்க பேசாத!"

"ஐயையோ, ஸ்டெப்னிய மறந்துட்டோமே!" என்று தியோதோசியோ தலையில் அடித்துக்கொண்டான். "அது மட்டும் என்ன இளக்காரமா?"

ஸ்டெப்னிக்கும் ஆயிற்று. பிறகு எஞ்சினுக்கு, ஹாரனுக்கு, கடைசியில் வைப்பருக்கு. வைப்பருக்கு இப்படியொரு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

மத்தியானம் எவாரிஸ்தோ ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். "ஏறுங்க எல்லாரும்! காத்தாப் பறக்கப் போறோம்!" என்று கியரைப் போட்டான். பசிலியா இன்னும் மூட்டையைக்கூட எடுக்கவில்லை. வண்டி பறக்கத்தான் செய்தது, பின்பக்கமாக.

பின்னால் பொம்மைக் கடை. வீடு வேண்டும், கார் வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் வாங்கும் குட்டி வீடுகளும் குட்டிக் கார்களும் மேஜையோடு சரிந்து டயருக்கடியில் நொறுங்கின.

"அடப்பாவி, ஒரு தெருவையே இடிச்சிட்டியே!" என்று கடைக்காரம்மா கத்தினாள்.

கூட்டம் சிரித்தது. எவாரிஸ்தோவும் சிரித்துக்கொண்டே தள்ளாடி இறங்கினான். உடைந்த மேஜைக்கடியில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. அது நைடாவின் செருப்பு.

அவன் பாய்ந்து மேஜையைப் புரட்டித் தள்ளினான். "நைடா! ஐயோ, என் கண்ணே!"

கடைக்காரம்மாவின் அகலப் பாவாடைக்குப் பின்னாலிருந்து நைடா எட்டிப் பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு. கையில் ஒரு பொம்மை பஸ்.

"இவங்க இழுத்துட்டாங்கப்பா" என்றாள். பிறகு பொம்மையைக் காட்டி, "நாம இதுலயே வீட்டுக்குப் போலாமா? இது இடிக்காது."

எவாரிஸ்தோ அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பசிலியா கீழே கிடந்த செருப்பை எடுத்து மகள் காலில் மாட்டினாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவனாகவே சாவியை அவள் கையில் வைத்தான். "நாளைக்கு நான் நல்லாத் தெளிஞ்சப்புறம் குடு. அதுவரைக்கும் கேட்டாலும் குடுக்காத."

தியோதோசியோ அடுத்த பாட்டிலோடு வந்து நின்றான். "அதான் ஒண்ணும் ஆகலையே மாப்ள! புள்ள பொழச்சதுக்கு ஒண்ணு போடுவோம்."

எவாரிஸ்தோ பாட்டிலை வாங்கி, கடைசிச் சொட்டு வரை மண்ணில் கவிழ்த்தான்.

"அடேய், உன் பாதி எங்கடா?"

"முழுசும் பூமித்தாய்க்கே மச்சான். குடிச்சவன் ஸ்டியரிங்கத் தொட்டா எந்தத் தீர்த்தமும் காப்பாத்தாது. அவ எவ்வளவு வேணா குடிக்கட்டும், அவ வண்டி ஓட்டப் போறதில்ல!"