அடுப்படிச் சுவரில் ஒரு வெளிச்சம்

அந்த வீட்டில் நான்கு பேர். நான்கு பேருக்கும் காலில் சக்கரம். அம்மா ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பார்க்கிறவள். அப்பா புதுக் கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவர். பெரியவளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. சின்னவளுக்கு வாய்தான் வேலை. வாயாடி என்று பட்டப்பெயர் வைத்ததே அவளுடைய டீச்சர். இப்படி ஓடுகிற குடும்பத்தை இத்தனை நாள் ஓட்டிவந்தது ஒரே ஒரு வார்த்தை: ஆச்சு. பால் வாங்கியாச்சா? ஆச்சு. துணி எடுத்தாச்சா? ஆச்சு. கேட்டவர் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

இதில் அப்பாவிடம் ஒரு கோளாறு. செய்யப்போகிற வேலைக்கும் அவர் ஆச்சு என்றுதான் சொல்வார். ஏமாற்றவேண்டும் என்றெல்லாம் இல்லை, பாவம்; மனதில் நினைத்துவிட்டாலே வேலை முடிந்த மாதிரி அவருக்கு. கடுங்குளிர் தொடங்கியபோது, "ஹீட்டர் ரிப்பேருக்கு ஆள் சொல்லியாச்சா?" என்று அம்மா கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றார். சொல்லவில்லை. ஹீட்டர் நின்றுபோய், சின்னவளுக்கு மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும்படி ஆகிவிட்டது. பிள்ளை தேறி வந்தாள். வந்த கையோடு பேசவும் தொடங்கிவிட்டாள். ஆனால் அம்மாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு கணவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. கதவைப் பூட்டியாச்சு என்று அவர் சொன்னால், எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தானா அது வரவேண்டும்? வெளியூரில் இரண்டு மாதப் பயிற்சி, போகிறாயா என்று அவளுடைய மேலதிகாரி கேட்டார். புது மைக்ராஸ்கோப், புது வேலை, வருஷக்கணக்காக அவள் ஏங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். போவதென்றால் பிள்ளைகளை அவரை நம்பி விட்டுவிட்டுப் போகவேண்டும். பூட்டு விஷயத்திலேயே நம்பாத மனுஷனிடம் பிள்ளைகளையா? வீட்டில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

அந்த வாரம்தான், குளிர்காலம் போகவா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, அடுப்படிச் சுவரில் ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. வடக்குப் பார்த்த அடுப்படி. குளிர்காலம் முழுக்க வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே, காலையில் சாப்பாட்டு டப்பா கட்டுகிற நேரத்தில், ஒரு தட்டு அளவுக்கு, அடுப்புக்கு மேலே லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கிறது!

"அம்மா, நம்ம வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க!" என்று கூவினாள் வாயாடி.

பெரியவள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பா விடியும்போதே வேலைக்குப் போயிருந்தார். மூன்று பேரும் ஒன்றாக நின்று ஒன்றைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! டப்பாவை மூடுவதற்குள் அது நகர்ந்து காணாமல் போய்விட்டது. மறுநாளும் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ரத்தத் துளியைப் பார்க்கிறவள் சும்மா விடுவாளா? ஒரு பாத்திர மூடியை எடுத்து ஜன்னலில் இங்கும் அங்குமாகப் பிடித்துப் பார்த்தாள். மேல் மூலையில் பிடித்ததும் சுவர் இருண்டது.

"சூரியன் அந்தப் பக்கம், ஜன்னல் இந்தப் பக்கம். அப்புறம் எப்படிம்மா?" என்றாள் பெரியவள்.

மூடியைப் பிடித்திருந்த திசையில் மூவரும் எட்டிப் பார்த்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம். அப்பா வேலை செய்கிற கட்டடம்.

"அப்பாதாம்மா! கண்ணாடிய வச்சு நமக்கு டார்ச் அடிக்கிறாரு. நீதான் அவர்கிட்ட பேச மாட்டேங்கிறியே!" என்றாள் வாயாடி.

"உளறாதடி" என்றாள் அம்மா. ஆனால் மறுநாள் அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்து, தலைவாரிக்கொண்டு, அடுப்படிக்கு வந்து நின்றாள். வெளிச்சம் வந்ததும் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தை எட்டிப் பார்த்தாள். அவராக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள், வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனாள். அவர் கீழ்த்தளத்தில் குனிந்து கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் பதறிப்போய் நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. காலைல நம்ம அடுப்படிக்கு ஒரு வெளிச்சம் வருதே. அது நீங்களா?"

"சொல்லுப்பா, நீதானே?" என்று வாயாடி அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

அவர் சின்னவளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இத்தனை நாளாகப் பாராமுகமாக இருந்தவள் முகம் இன்று தனக்காகத் திறந்து நிற்கிறது என்பது அவருக்குப் புரியாமலா இருக்கும்? ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். வாயைத் திறந்தார். இதற்கும் ஒரு ஆச்சு போட்டுவிடுவாரோ என்று அம்மா அவர் வாயையே பார்த்தாள்.

"இல்ல" என்றார். "நான் இல்ல. நான் இன்னும் ரெண்டாவது மாடியவே தாண்டல. அதோ, நாலாவது மாடி, வேற ஆளுங்க மாட்டினது. ஜன்னலச் சாத்தாம விட்டிருக்காங்க. அது காத்துல ஆடுது. அதான்."

வாயாடிக்கு முகம் தொங்கிவிட்டது. "ஐயே, போப்பா" என்றாள். பெரியவள் தங்கையின் தலையில் செல்லமாகத் தட்டினாள்.

அம்மா அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். ஏமாற்றமாகத்தான் இருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் இவ்வளவு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் எங்கே என்று தேடினால் காணோம்.

"ஏங்க, ரெண்டு மாசம் எனக்கு வெளியூர்ல பயிற்சி. நான் போகப்போறேன். பசங்க உங்ககிட்டதான்."

அவர் கையிலிருந்த அறுப்பானைக் கீழே வைத்தார்.

"என்னால முடியுமான்னு தெரியலையே" என்றார். "சின்னவளுக்கு மறுபடி மூச்சு இழுத்தா? பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.