நளீமின் பேரில் போனவர்

…இல்லை, நான் அழக்கூடாது, அழ வேண்டியவர் ஸுஹைறா ராத்தா, நான் துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, துணைக்கு வந்தவள் அதற்குரிய அளவில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் கவலை, கொஞ்சம் ஆறுதல், அதற்கு மேல் போனால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஏற்கெனவே அந்தப் பியோன் பார்க்கிறார்… இந்த மீன்பிடி அலுவலகத்து மின்விசிறி ஏன் நித்திரையில் சுற்றுவதுபோலச் சுற்றுகிறது, பத்து மணி வெயில் கல்முனையையே உருக்குகிறது, இது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்ததைச் சுற்றலாமா என்று யோசிக்கிறது. அதிகாரி தர்சிகா மிஸ் காகிதத்தை ஒருமுறைதான் வாசித்தார், எனக்குள் அது இன்னும் வாசித்து முடியவில்லை. காணாமல்போன மீன்பிடிப் போட்டு கிடைத்துவிட்டது, இயந்திரம் பழுதாகிப் பன்னிரண்டு நாள் நீரோட்டத்தோடு போய் அந்தமான் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, நாலு பேரும் உயிரோடு, மூன்று பேர் சுகம், நளீம் என்பவர் மட்டும் ஆஸ்பத்திரியில். நளீம் என்பவர். உடனே எல்லோரும் ராத்தாவிடம் ஓடினார்கள், ஒருவர் தண்ணீர், ஒருவர் கதிரை, ஒருவர் தோளைத் தடவி "அல்லாஹ் கைவிடமாட்டான்" என்றார், ராத்தா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றினார், அழுதாரா நடித்தாரா எனக்கே தெரியவில்லை. ராத்தாவின் புருஷன் நளீம் காக்கா இந்த நேரம் சாய்ந்தமருதில் தன் வீட்டு அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கிடப்பது என் புருஷன் ஷிப்லி.

எவ்வளவு லேசாக நடந்தது அது… போட்டில் ஐஸ் ஏற்றியாயிற்று, எண்ணெய் ஏற்றியாயிற்று, புறப்படும் பத்திரத்தில் நாலு பேரின் பெயரையும் எழுதி முத்திரையும் குத்தியாயிற்று, அன்று காலையில்தான் நளீம் காக்காவுக்கு டெங்கு என்று தெரிந்தது, பெயரை மாற்றப் போனால் ரெண்டு நாள் எடுக்கும், ரெண்டு நாளில் ஐஸ் கரைந்துவிடும், முதலாளி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "ஷிப்லி, நளீம்ட பேர்லயே ஏறு, ஆரு வந்து மூஞ்சப் பாக்கப்போறான்?" இவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி போனார். ஊரில் யாரும் செய்யாததா? இவருக்கு மீனவர் அட்டை இல்லை, இல்லாததற்கு ஒருவகையில் நான்தான் காரணம், இவர் அட்டாளைச்சேனையில் பிறந்தவர், எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவார், அப்படி என் வீட்டுக்கு வந்தவர், அட்டை கேட்டுப் போனால் அங்குள்ள சங்கம் "நீ இப்ப இஞ்ச இல்லயே" என்றது, இங்குள்ள சங்கம் "நீ இஞ்ச பொறக்கல்லயே" என்றது, பதினொரு வருசமாக ரெண்டு ஊருக்கும் கடிதம் கொண்டு திரிந்தார். வீடு என் பேரில், போட்டு முதலாளி பேரில், மோட்டார் சைக்கிள் என் வாப்பாவின் பேரில், கடைசியில் கடலுக்குப் போனதும் நளீம் காக்காவின் பேரில்… சிரிப்பு வருகிறது, யா அல்லாஹ், இங்கே சிரிக்கவும் கூடாது.

எதிர்ச் சுவரில் இந்து சமுத்திரம் தொங்குகிறது. நீலமென்றால் அப்படியொரு நீலம், சுற்றிவர நாடுகளெல்லாம் ஒரே மஞ்சளில், மேலே 'ஒரே சமுத்திரம், ஒரே சந்தை' என்று கொட்டை எழுத்தில். பார்த்துக்கொண்டே இருந்தால் நீலம் அசைகிறது, கதிரையின் கால்கள் தரையை விட்டுக் கிளம்புகின்றன, நானும் மிதக்கிறேன், தர்சிகா மிஸ்ஸின் மேசை ஒரு தோணிபோல ஒதுங்கிப் போகிறது, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் குடிதண்ணீர் முடிந்திருக்கும், எந்தக் கட்டத்தில் இவர் மகளை நினைத்திருப்பார், என்னை நினைத்தாரா… இந்தப் படம் எனக்குப் புதிதில்லை. போன வருசம் மண்டபத்தில் கூட்டம் வைத்தபோதும் இதைத்தான் மாட்டியிருந்தார்கள், பெற்றீசும் தேத்தண்ணியும் தந்தார்கள், அயல் நாடுகளெல்லாம் ஒரே ஒழுங்குக்குள் வருகின்றன, இனி ஒவ்வொரு மீனும் எங்கே பிடிபட்டது, எத்தனை மணிக்கு, எந்தத் தூண்டிலில் என்று எழுதவேண்டும், எழுதினால் நம் சூரை மீன் எந்த நாட்டு மேசைக்கும் போகும், போன இடத்தில் தன் ஊரைச் சொல்லும் என்று ஓர் ஐயா மனம் நிறைந்து பேசினார். நான் நன்றாகத்தான் கைதட்டினேன். பொய்யில்லை, நல்லதும் நடந்தது, மீன் நல்ல விலைக்குப் போனது, மகளுக்குக் கண் மருத்துவரிடம் காட்டிக் கண்ணாடி போட்டது அந்த வருசம்தான். ஆனால் அன்று ஒருவராவது எழும்பிக் கேட்டிருக்கலாம், சூரையின் விபரமெல்லாம் எழுதுகிறீர்களே, அதைப் பிடிக்கிற மனிசனின் விபரத்தை யார் சரிபார்ப்பது, மீனுக்குத் திறந்த கடல் இவருக்கு மட்டும் ஏன் எல்லையாகிப் போனது, இயந்திரம் நின்று நீரோட்டம் இழுத்துப் போனவரைக் களவாக வந்தவர் என்று எழுதிவைப்பார்களா… நான் கேட்டிருக்கலாம். நான் ரெண்டாவது பெற்றீசைத் தின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, இஞ்ச ஒரு சைன் வைக்கணும்," என்று தர்சிகா மிஸ் ராத்தாவின் முன்னால் காகிதத்தை வைக்கிறார். பாண்டிருப்புப் பிள்ளை, தன்மையானவர், காலையிலிருந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நாலு குடும்பத்துக்கும் ஓடித் திரிகிறார், அவரிடம் பொய் சொல்வதுதான் நெஞ்சைக் குத்துகிறது. "இவர் என்ட கணவர், இஞ்ச பதிஞ்சவர் எண்டு நீங்க உறுதி குடுத்தா அங்க கெதியா விட்டிருவாங்க. பேரில ஏதும் பிழை வந்தாத்தான் கரைச்சல், ஆர் எவரெண்டு தெரியாத ஆளா வச்சி மாசக்கணக்கா விசாரிப்பாங்க." மாசக்கணக்கா… ராத்தா பேனையை எடுத்தவர் என் காதோரம் குனிகிறார், "சொல்லிருவமா புள்ள? பயமா இரிக்கி." சொல்லலாம், ஒரு வார்த்தைதான், அது என் புருஷன் என்று சொன்னால் இந்தத் தண்ணீரும் கதிரையும் தடவலும் என் பக்கம் திரும்பும், வாய்விட்டு அழலாம், ஆனால் அங்கே கட்டிலில் கிடக்கிறவர் அந்த நொடியே பெயரில்லாதவராகிவிடுவார், சேலைனைக் கழற்றிவிட்டு விசாரிப்பார்களோ… சொல்லாமல் விட்டு, அல்லாஹ் காக்கவேண்டும், அவர் அங்கேயே கண்ணை மூடிவிட்டால்? மௌத்தானது நளீம் என்றுதான் எழுதுவார்கள், மையித்து ராத்தாவின் வாசலுக்கு வரும், புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தா இருக்கச் சொல்லி ஊர் ராத்தாவைத்தான் அறைக்குள் வைக்கும், நான் வீட்டில் புருஷன் இருக்கிறவளாக நின்று சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றுவேன். "வேணாம் ராத்தா, போடுங்க," என்றேன். ராத்தா போட்டார், என் புருஷனுக்குப் பொஞ்சாதியாக, வளைத்து வளைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

கொழும்பிலிருந்து இணைப்பு வந்துவிட்டது, நோயாளியோடு ரெண்டு நிமிசம் கதைக்கலாம், பொஞ்சாதி மட்டும்தான் என்று மிஸ் போனை ராத்தாவிடம் நீட்டுகிறார், நான் பக்கத்திலேயே நிற்கிறேன், என் கை தானாக நீண்டுவிட்டது, இழுத்துக்கொண்டேன். போனுக்குள்ளிருந்து குரல் கசிகிறது, "ஸுஹைறா?" அவருடைய குரல்தான், தூரத்திலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து கதைப்பதுபோல, "ஸுஹைறா, நான் நளீம்." எவ்வளவு தடுமாறாமல் சொல்கிறார், யார் பக்கத்தில் நிற்கிறார்களோ, எத்தனை தடவை சொல்லிப் பழகினாரோ, எனக்குப் பொறாமை வந்தது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. ராத்தா "ஓம்… ஓம்… அல்ஹம்துலில்லாஹ்" என்றார், பிறகு மிஸ்ஸைப் பார்க்காமலேயே, "நஸ்லின் இஞ்ச நிக்கா, பக்கத்து வீட்டு ஷிப்லிட பொஞ்சாதி, ஒரு சொல்லுக் கதைங்க" என்று போனை என் காதில் வைத்துவிட்டார். மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும், இத்தனை நாளாக வீட்டில் இல்லாத மூச்சு. "தங்கச்சி," என்றார். "ஓம் காக்கா," என்றேன். "உங்கட ஷிப்லி எப்பிடி, சுகமா?" என்ன சொல்வேன், எல்லோரும் பார்க்கிறார்கள், "ஷிப்லிக்கு ஒண்டுமில்ல காக்கா, நல்லா இரிக்கார், வீட்டதான் இரிக்கார், மகளும் சுகம், ஒண்டுக்கும் யோசிக்கவேணாம்," ஓடி ஓடிச் சொல்கிறேன், ரெண்டு நிமிசம் முடியுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அந்தப் பக்கம் சிரிப்போ இருமலோ ஒரு சத்தம், "அவர எங்கயும் போகவிடாதங்க தங்கச்சி," "விடமாட்டன்," பிறகு வெறும் இரைச்சல், பிறகு அதுவுமில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன், கை சூடாக இருந்தது. சமாளித்துவிட்டேன், ஒரு சொல் தவறவில்லை, யாருக்கும் சந்தேகமில்லை, ராத்தாகூட என் விரல்களைப் பிடித்து அமத்தினார். தர்சிகா மிஸ் பேனையை மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார், "என்ன அக்கா, அவருக்கு இப்ப எப்பிடியாம்? எழும்பி நடக்காராமா?" ராத்தா என்னைப் பார்க்கிறார். நான் ராத்தாவைப் பார்க்கிறேன். அவர் ஷிப்லியைக் கேட்டார், நான் ஷிப்லியைச் சொன்னேன், கட்டிலில் கிடக்கிறவரிடம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், எங்கே வலிக்கிறது, சாப்பிட்டீர்களா… யாரும் கேட்கவில்லையே, நானும் கேட்கவில்லையே.