பயிற்சிக்கு எறிபவர்

மாலை வகுப்பில் இந்த வாரம் எனக்கு வந்த பாடம், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் தனி லீக்கில் பேஸ்பால் ஆடிய காலத்துப் பந்தெறிவாளர் ஒருவரைப் பற்றியது. சீசன் முடிந்தபின் நடந்த ஆட்டங்களில் வெள்ளையரின் பெரிய மட்டையாளர்களைத் திணறடித்தார். மறுபடி சீசன் தொடங்கியதும் அவர்கள் தங்கள் லீக்குக்குப் போனார்கள். இவருக்கு அங்கே இடமில்லை. கூட்டம் இவரைப் பார்க்கத்தான் வந்தது. அதனால் ஓய்வின்றி எறிந்தார். அந்த லீக்கின் கதவு இவருக்குத் திறந்தபோது தோள் போயிருந்தது.

இதை என் அண்ணன் அஷ்ஃபாக் காக்காவிடம் படித்துக் காட்டினேன். இங்கே யாங்கோனில் பேஸ்பாலை அவரைவிட வேகமாக எறிபவர் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இந்த வருஷம் பாங்காக் போட்டிக்குப் போகும் அணியில் அவர் இல்லை. அடையாள அட்டையில் இனம் என்ற இடத்தில் இந்தியர் என்றிருந்ததைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை நிறுத்திவிட்டார்கள். போகிறவர்களுக்குப் பயிற்சிக்கு எறிய மட்டும் தினமும் கூப்பிட்டார்கள். "அடுத்த வருஷம் நீதான் முதல் ஆள்" என்று சயா, அதாவது பயிற்சியாளர், சொல்லியிருந்தார். காக்கா அதை நம்பியிருந்தார்.

"ஜஸீலா, பாடத்துக்கு ஆள் கெடைக்காம என்னைய எழுதிட்டியா?" என்று சிரித்தார்.

நேற்று மாவ்பி மைதானத்தில் கடைசிப் பயிற்சி. நானும் போனேன். முதல் சுற்றில் ஒருவராலும் காக்காவின் பந்தைத் தொட முடியவில்லை.

"ஏய் கலா, எங்கள வீட்டுக்கு அனுப்பத்தான் வந்தியா?" என்று அணியின் மட்டையாளன் தீஹா கத்தினான். கலா என்பது எங்கள் முகத்துக்கு இந்த ஊர் வைத்த பெயர். தீஹா காக்காவுக்கு நண்பன்தான்.

சயா காக்காவிடம் வந்தார். "கொஞ்சம் அடிக்க விடு. தைரியமா பிளேன் ஏறட்டும்."

அதன்பின் பந்துகள் பறந்தன. வேலிக்கு வெளியே ஒன்றை அடித்த தீஹா ஓடிவந்து காக்காவைத் தூக்கிச் சுற்றினான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வந்தது கோபமா பெருமையா, சரியாக எழுதத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. காக்கா இடக்கையால் கம்பியைப் பிடித்து நின்றார்.

"ஏன் காக்கா அவ்வளவு விட்டுக்குடுத்தீங்க?"

"விட்டுக்குடுக்கல. சயா சொல்றதுக்கு முந்தியே கை முடிஞ்சுபோச்சு. அத்தனை பேருக்கும் நான் ஒருத்தன்தானே எறியுறேன். ராத்திரியில தோள் தூங்கவே விடல."

"சயாட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேற ஆளப் பார்ப்பாங்க. அடுத்த வருஷமும் போயிரும்."

"இப்ப?"

நாங்கள் இறங்கும் பபேடான் நெருங்கியதும் காக்கா திறந்திருந்த சட்டையின் மேல் பொத்தானைப் போடப் பார்த்தார். வலக்கை அதுவரை ஏறவில்லை.

"நீ போட்டு விடு," என்றார். "உம்மா பார்த்தா கேப்பாங்க."

நெரிசலில் நின்றபடி போட்டுவிட்டேன்.