நேராத்தான் இருக்கு

மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று போன் வந்ததும் பைலட் எழுந்து போய்ப் பார்த்தது காரின் மூக்கைத்தான். பானெட்டின் முன்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து தகரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் தூணில் உரசியது. அதைச் சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். "தூணை யாருடி நடுவழியில கட்டினது? அவனைப் போய்க் கேளு!" என்பார்.

பைலட் என்பது விமானம் ஓட்டி வாங்கிய பேர் இல்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். டெப்போவில் எவனோ கிண்டலுக்கு வைத்த பேர், ஓய்வு பெற்றபோது அவரோடு வீட்டுக்கு வந்து, தெருவில் பரவி, கடைசியில் பெண்டாட்டியையும் பைலட்டம்மா ஆக்கிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவளுக்கு என்ன பேர் பாருங்கள். கல்யாணமான புதிதில், எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்களேன் என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று அதோடு முடித்துவிட்டார்.

இப்போது அவர் இருக்கிறார், கண்தான் இல்லை. முழுக் குருடு என்று சொல்ல முடியாது. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் மட்டும் யாரோ கட்டைவிரலால் அழித்துவிட்ட மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு, நேர்க்கோடு வளைந்து தெரியும். கண் டாக்டர் கட்டம் போட்ட ஒரு அட்டையை நீட்டியபோது, "கோடே ஒழுங்காப் போடத் தெரியலையே டாக்டர், எந்தப் பிரஸ்ல அடிச்சீங்க?" என்று இவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இனி வண்டியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து காரில் ஏறிச் சாவியைத் திருகும்போதே பைலட் விரலை நீட்டினார். "இதை உன் பிள்ளைகிட்ட மூச்சு விட்டே, அன்னையோட நமக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

அவள் மூச்சு விடவில்லை. பேசாமல் இருக்கிறேன் என்றால் பேசாமல் இருக்கிற ஆள் அவர். ஒரு முறை சின்னச் சண்டைக்கு மாதக்கணக்கில் வாயைத் தைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்றால்கூடச் செம்பைத் தட்டிக் காட்டியவர்.

அவளுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். அந்த இரண்டு நாளும் அவள் உயிர் அவள் கையில் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "சிவப்புங்க... இடது பக்கம் சைக்கிள்... மெதுவா, மெதுவா, பஸ் நிக்குது" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவாள். சொல்லாவிட்டால் செத்தோம். சொன்னாலும் சும்மா விடமாட்டார், "எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுவார். தூணில் உரசிய அதே நாள், திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் சாலையைக் கடந்தாள். இவள் "பிரேக்!" என்று தொண்டை கிழியக் கத்தியதால் அந்தப் பெண் பிழைத்தாள். அவளுடைய சிவப்பு ரிப்பன் பைலட்டம்மாவின் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. படுத்தால் அதுதான் வந்து நிற்கிறது.

அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். மகன் வரட்டும். உரிந்து கிடக்கிற பானெட்டைப் பார்க்கட்டும். என்னப்பா இது என்று கேட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போகட்டும். தான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைலட் கடைத்தெருவுக்கு நடந்தே போய் ஒரு நீள அட்டைப்பெட்டியோடு வந்தார். பானெட் டிஃப்ளெக்டராம். கறுப்பாக, பளபளவென்று, காரின் அகலத்துக்கு வளைந்த ஒரு பிளாஸ்டிக் பட்டை. பானெட்டின் முன்விளிம்பில் பொருத்தினால் எதிர்க்காற்றை மேலே தூக்கி விட்டுவிடும், பூச்சியும் பொடிக்கல்லும் கண்ணாடியில் வந்து அடிக்காது என்று கடைக்காரன் சொன்னதை ஒப்பித்தார்.

"நாம போறது ஆஸ்பத்திரிக்கு. அங்க எங்கங்க எதிர்க்காத்து?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அந்தப் பட்டை உட்காருகிற இடமும் உரிந்திருக்கிற இடமும் ஒன்றுதான். மனுஷன் பூசி மெழுகப் பார்க்கிறார். அவள் நம்பியிருந்த ஒரே சாட்சியையும் மூடிவிடப் போகிறார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. கடையில் போட்டுத் தருகிறோம் என்றார்களாம், "பஸ்ஸையே பிரிச்சு மாட்டினவன், இந்தத் தம்மாத்துண்டுக்கு ஆள் வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்து, "படத்தைப் பாத்தாலே போதும்" என்று மடித்து வைத்தார். அவர் பக்கெட் எடுக்கப் போன நேரத்தில் அவள் அதைப் பிரித்து முழுக்கப் படித்தாள்.

பானெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தார்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் விளிம்பை மறுபடி துடைத்தார்கள், எண்ணெய்ப்பசை இருந்தால் பட்டையின் அடியில் இருக்கிற டேப் ஒட்டாதாம். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. விரலால் தடவித் தடவி, தூசு இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துத் துடைத்தார். அந்தக் கையைப் பார்த்தபோது அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அடுத்து, ஒட்டுவதற்கு முன் பட்டையைச் சும்மா வைத்துப் பார்த்து, அதன் இரண்டு ஓரத்திலும் காகித டேப்பால் அடையாளம் போட வேண்டும். அவள் ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டு, கச்சிதமாக அடையாளம் போட்டாள்.

அவர் நாலடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏண்டி, உன் கண்ணை எங்கே வச்சிருக்கே? வலது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு."

"இல்லைங்க, அளந்துதான்..."

"அளந்தாளாம், பெரிய இன்ஜினியர்! நகரு."

காகித டேப்பைப் பிய்த்துப் போட்டார். வலது பக்கத்தை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கி, இடது பக்கத்தைத் தூக்கி, புது அடையாளம் போட்டார். இப்போது பட்டை ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. தெருவில் போகிற கழுதைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். மறுபடியும் பின்னால் போய் நின்று பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பச் சொல்லு. நேரா இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அது உறைத்தது. உரசலை மூடினால் மூடட்டுமே. இந்தக் கோணல் ஒன்று போதுமே! மகன் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன். சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் கொத்தனாரை வறுத்தெடுக்கிறவன். இதைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வான், அப்பாவுக்குக் கண் போச்சு என்று.

"நேராத்தான் இருக்குங்க," என்றாள்.

சொன்னதும் நெஞ்சு குறுகுறுத்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் எத்தனையோ மறைத்திருக்கிறாள், ஆனால் கண் தெரியாதவரை வைத்து இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. வேறு வழியில்லை, வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் வாங்கிவந்த ஹேர் டிரையரால் டேப்புக்குச் சூடு காட்டினார். மேல் தாளை நுனியில் உரித்து, அடையாளத்தில் பட்டையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்து ஒட்டினார். உள்ளங்கையால் முழுப்பலத்தையும் கொடுத்து அழுத்தினார். பானெட்டைத் தூக்கி, அடியில் இருந்த கிளிப்புகளுக்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். துளையைக் கண்ணால் தேடாமல் விரலாலேயே தேடிப் பிடித்தார். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு டீ போடு. கெட்டியா," என்றார். அன்று முழுக்க அவருக்கு நல்ல குணம். ராத்திரி அவளுடைய காலுக்கு அவரே தலையணை எடுத்து வைத்தார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மகன் மறுநாள் காலையில் வந்தான். மருமகளுக்கு ஏதோ வேலையாம், பேத்தியை மட்டும் அழைத்து வந்திருந்தான். இறங்கியதும் இறங்காததுமாகப் பைலட் அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காருக்கு முன்னால் நிறுத்தினார்.

"பாரு. நானே போட்டேன்."

பைலட்டம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகனின் கண் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போனது. திரும்பி வந்தது. பட்டை சாய்ந்திருந்த பக்கமாக அவன் தலையும் கொஞ்சம் சாய்ந்தது. பார்த்துவிட்டான்! அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது.

"சூப்பர்ப்பா," என்றான் மகன். "கம்பெனியில போட்ட மாதிரியே இருக்கு."

பைலட் அவள் பக்கம் திரும்பி, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி, "கேட்டியா?" என்றார்.

ஒருவேளை அப்பா மனசு நோகக் கூடாது என்று சொல்லியிருப்பான், தனியாகக் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. டீ குடித்தான், போன் பார்த்தான், சாப்பிட்டான். கைகழுவ அவன் அடுப்படிக்கு வந்தபோது அவளே பிடித்துக்கொண்டாள். பேச்சுவார்த்தை நின்றால் நிற்கட்டும் என்றாகிவிட்டது.

"டேய், அப்பாவுக்குக் கண்ணு தெரியலடா. வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்கு ஒரு பொண்ணு மேல ஏத்தப் பாத்தாரு. நீ சாவியை வாங்கிக்கிட்டுப் போயிடு."

அவன் குழாயை மூடினான். அடுப்படிக் கதவையும் மெதுவாகச் சாத்தினான்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். போன தடவையே பாத்தேன். டம்ளரை மேஜைக்கு வெளியே வைக்கறாரு."

"தெரிஞ்சுமாடா சூப்பர்ங்கறே?"

"பின்ன என்னம்மா பண்ணச் சொல்றே? சாவியை வாங்கிட்டா, அப்புறம் உன்னை யார் கூட்டிட்டுப் போறது? டாக்ஸின்னா அவர் ஏற மாட்டாரு, உன்னையும் ஏற விடமாட்டாரு. ரெண்டு பேரையும் நான் என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். வாரத்துல ரெண்டு நாள் நான் லீவு போட முடியுமா? இல்ல, உன் மருமகதான் போடுவாளா?"

துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே அவன் அன்பாகத்தான் சொன்னான்:

"நீதான் பக்கத்துல இருக்கியேம்மா. இத்தனை நாள் பாத்துக்கிட்டே இல்ல? அப்படியே சொல்லிக்கிட்டே போ. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்."

பெற்ற வயிறு எரிந்தது என்பார்களே, அது வெறும் பேச்சு இல்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று அவர் பயந்தார். எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று இவள் நம்பினாள். அவனோ சாவியைத் தொடக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறான். இதற்காகவா கட்டின புருஷனைத் தெரு சிரிக்க விட்டோம் என்று நினைத்தபோது, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. பைலட் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேத்தியைக் கூப்பிட்டார். "வாடா செல்லம், தாத்தா கூட ஒரு ரவுண்டு! காத்து எப்படி மேல போகுதுன்னு பாக்கலாம்."

குழந்தை சிரித்துக்கொண்டே ஓடியது. ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டது. மகன் அடுப்படியிலிருந்து பாய்ந்து போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டான்.

"வேணாம்ப்பா. இவளுக்குக் கார்ல வாந்தி வரும்."

வருகிற வழியெல்லாம் காரில் சிப்ஸ் தின்றுகொண்டு வந்த குழந்தை, ஒன்றும் புரியாமல் அவனை நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, நீ போயிட்டு வாயேன்," என்றான் மகன்.

அவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் காதில் விழாத குரலில் கேட்டாள்: "உன் பிள்ளைக்கு வாந்தி வரும். எனக்கு என்னடா வரும்?"

அவன் குனிந்து, அவிழாத செருப்பு வாரைக் குழந்தையின் காலில் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"அங்க என்ன முணுமுணுப்பு? ஏறு. ரிவர்ஸ்ல எப்படி எடுக்கறேன்னு இவனும் பாக்கட்டும்," என்றார் பைலட்.

ஏறாமல் இருந்துவிடலாம். தனியாகப் போகட்டும், பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் வெளியேதான் விளையாடிக்கொண்டிருந்தன. யார் பெற்ற பிள்ளைகளோ, அவர்கள் மேல் அவளுக்கு என்ன கோபம்? புண்காலை மெல்லத் தூக்கி உள்ளே வைத்து, முன்சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"பின்னாடி பாரு. யாராவது நிக்கறாங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மகன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கார் எட்டாத தூரத்தில், வாசல் படிகளின் மேல் ஏறி நின்றிருந்தான்.

"யாரும் இல்லைங்க," என்றாள். "வாங்க."