பெயர் எழுதாத சீட்டு

என் அம்மா ஒன்பது புதன்கிழமைகள் உதவி கேட்டாள். ஒன்பது முறையும் அப்பா அதை மைக்கில் வாசித்தார். கடைசியில் அவள் செத்துப்போனாள். இப்படிச் சொன்னால் தேவதூஷணம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அப்பா ஒரு கிராமத்துச் சபையின் போதகர். புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு ஆலய வாசலில் ஒரு பெட்டி இருக்கும். கஷ்டத்தில் இருப்பவர்கள் அதைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் மட்டும் எழுதக்கூடாது, ஊர்வாய்க்கு அவல் ஆகிவிடும் என்று அப்பா வைத்த சட்டம். அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை கண்ணை மூடி ஜெபிக்கும். பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யார் அது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அம்மா முப்பத்தொரு வருஷம் பாஸ்டரம்மாவாக இருந்தாள். சம்பளம் இல்லாத, லீவு இல்லாத வேலை. கீபோர்டு வாசிப்பாள், திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவாள், யார் வீட்டில் பெண் செத்தாலும் குளிப்பாட்டப் போவாள். அப்பாவின் பிரசங்கத்தை முத்து முத்தான கையெழுத்தில் பிரதி எடுத்துக் கொடுப்பாள். அவள் பக்தியில் ஒரு துளி நடிப்பு கிடையாது. கடவுளிடம் எதையும் கேட்டுவிடுவாள். அப்பாவிடம் கேட்கத்தான் வாய் வராது. போதகர் வீட்டுக்கே வியாதி வந்தால் சபை என்ன சொல்லும் என்று பயம்.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? நகரத்து ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். ஊராரின் நோயெல்லாம் என் கையில் குழாய் குழாயாக இருக்கிறது. அம்மா போனில் "நல்லா இருக்கேன்டி" என்றால் சரி என்று வைத்துவிடுவேன்.

சாவுச் செய்தி கேட்டு ஊருக்கு வந்து அவளைக் குளிப்பாட்டியபோதுதான் பார்த்தேன். இடது மார்பில் புண். அதன்மேல் மடித்து வைத்த பழைய துணி. கூட நின்ற தையல்காரி, "புதன்கிழமைச் சீட்டுல வருமே, இதே மாதிரி ஒரு சகோதரிக்கு..." என்று ஆரம்பித்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா பழைய சீட்டுகளை எறிய மாட்டார். ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருப்பார். தேடி எடுத்தேன். "ஒரு சகோதரிக்கு மார்பில் கட்டி. ஜெபியுங்கள்." ஒன்பது சீட்டுகள். முத்து முத்தான கையெழுத்து.

அப்பா வெள்ளை அங்கியோடு உட்கார்ந்து, அடக்க ஆராதனையில் வாசிக்க அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'ஒரு நாளும் வியாதி என்று படுக்காதவர். மருந்தை நாடாமல் கர்த்தரையே நம்பியவர்.' எவ்வளவு அழகாகப் பூசி மெழுகுகிறார்!

"இது பொய்ப்பா" என்று சீட்டுகளை மேஜையில் போட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வாரத்துக்கு நாப்பது சீட்டு வருது. கையெழுத்தையா பாத்துட்டிருப்பேன்?"

"முப்பத்தொரு வருஷமா இந்தக் கையெழுத்தப் பாத்துத்தானே பிரசங்கம் பண்ணுனீங்க?"

"அதே மாதிரி சீட்டு போன புதன்கூட வந்துச்சும்மா. அப்போ உங்கம்மா படுத்து பத்து நாளாச்சு. அவ எப்படி எழுதியிருப்பா? இதெல்லாம் வேற யாரோ எழுதுனது." தப்பித்துக்கொண்டவர்போல் பேசினார்.

அலமாரியில் போன வாரக் கட்டிலிருந்து அந்தப் பத்தாவது சீட்டை உருவி எடுத்தேன். பென்சிலில், கோணல் மாணலாக, அதே நோய். அம்மா எழுத்து இல்லை.

"அப்பா, இன்னொருத்தி இருக்கா. மருந்தே வேணாம்னு இன்னைக்கு நீங்க வாசிச்சா அவளும் செத்துருவா."

"ஆராதனை முடியட்டும். பாத்துக்கலாம்."

பாத்துக்கலாமாம்! ரத்தம் தலைக்கேறியது.

ஆராதனையில் எழுதியதை அப்படியே வாசித்தார். 'மருந்தை நாடாமல்' என்ற இடம் வந்ததும் எழுந்து மைக்கைப் பிடுங்கினேன். "எங்கம்மா மருந்து வேணாம்னு சொல்லல. கேக்கப் பயந்தாங்க. நீங்க ஒன்பது வாரமா ஜெபிச்ச சகோதரி எங்கம்மாதான். பத்தாவது சீட்டு அவங்களோடது இல்ல. அத எழுதுனவங்க இங்கதான் இருக்கீங்க. வெளிய கார் நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"உக்காரும்மா, இதுக்கா இது நேரம்?" என்றார் சபை மூப்பர். ஒருவரும் அசையவில்லை. பிறகு கடைசி வரிசையில் ஆலயத்து மணியடிப்பவரின் மனைவி எழுந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய்.

"அடக்கம் முடிய எவ்வளவு நேரமாகும், அக்கா?"

"இப்பவே போலாம்" என்றேன். அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. அம்மாவுக்கு ஒரு பிடி மண்கூடப் போடவில்லை.

காரில் அவள் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்தாள். யாரிடமாவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டேன்.

"சொன்னேனே அக்கா. பாஸ்டரம்மாகிட்டதான் மொதல்ல காட்டுனேன். படுக்கையில கெடந்தாங்க. யாருக்கும் தெரிய வேணாம், சீட்டெழுதிப் போடுன்னு அவங்கதான் சொன்னாங்க."

அதுவரை அப்பாமேல் இருந்த கோபம் மொத்தமும் அம்மாமேல் பாய்ந்தது. செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? வேகமாகப் போகச் சொல்லி டிரைவரைப் பார்த்துக் கத்தினேன்.